விசாரணை ஜன்னலில் ரம் வாசனை

நான் குடிப்பதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. போர்ட் பிளேயரில், ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில் வேலை பார்க்கிற ஆண்பிள்ளை குடிக்க மாட்டான் என்றால், வயிற்றில் புண்ணா என்று பரிதாபமாகக் கேட்பார்கள். நாங்கள் குடியிருக்கிற டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் தெருப் பெண்களுக்கோ நான் உதாரண புருஷன். "அந்த வீட்டு அண்ணனைப் பாருங்க" என்று தங்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லியே, தெருவில் ஒரு ஆணும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதபடி செய்துவிட்டார்கள். அப்படிப்பட்ட என் மேல் காலங்கார்த்தாலே ரம் வாசனை வீச ஆரம்பித்தது. காரணம் என் மனைவி.

அவள் முதலில் சோப்பு செய்துகொண்டிருந்தாள். டூரிஸ்டுகளுக்குத் தேங்காய்ப்பால் சோப்பு, கிராம்பு சோப்பு என்று ஏதேதோ. அப்புறம் இன்டர்நெட்டில் ஒரு வகுப்பில் சேர்ந்து வாசனைத் திரவியம் செய்யக் கற்றுக்கொண்டாள். என் சட்டைகள் இருந்த அலமாரியில் சின்னச் சின்ன பழுப்புக் குப்பிகள் வந்து உட்கார்ந்தன. சட்டைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் போயின.  நான் என்ன சொன்னாலும் குப்பிகள் இறங்கப் போவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டிலிருந்து அவளுக்கு போன் வந்தது. அவர்கள் வாரம் ஒருநாள் 'கரீபியன் நைட்' நடத்துகிறார்களாம். அதற்குப் பொருத்தமாக, ரம் மணக்கிற ஒரு ஆம்பர் சென்ட் வேண்டும், கையால் செய்ததாக இருக்க வேண்டும், அறைக்கு ஒரு குப்பி வைப்போம், குப்பியில் செய்தவர் பெயரும் இருக்கும் என்றார் அந்த மேனேஜர் அம்மா. போனை வைத்துவிட்டு என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இது மட்டும் கிடைச்சிட்டா, அப்புறம் நம்ம சொந்தத்துல ஒருத்தரும் இதைப் பொழுதுபோக்குன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள். சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசுகிறவள் அதை மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் நான் கேலி எதுவும் செய்யவில்லை.

செய்யாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கரீபியன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட். அவள் விழுந்து விழுந்து படித்தாள். அங்கே கரும்புப் பாகிலிருந்து ரம் காய்ச்சுவார்கள், ஜாதிக்காய் தூவிக் குடிப்பார்கள், எலுமிச்சைத் தோல் போடுவார்கள், சுருட்டு உண்டு, மேளம் உண்டு. பாட்டிலைத் திறந்ததும் முதல் சொட்டைச் செத்துப்போன முன்னோருக்காகத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார்கள் என்று கண் விரியச் சொன்னாள்.

"இங்கே பாட்டிலைத் திறந்தவனே தரையில விழுந்துடுவான்" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னேன் பாருங்க."

"சரி, நீ கரீபியனைப் பார்த்திருக்கியா?"

"அவங்க பார்த்திருக்காங்களா? ஹேவ்லாக்ல உட்கார்ந்துதானே கரீபியன் நைட் நடத்துறாங்க."



ரம் வாங்க மாடி வீட்டுக்காரரிடம் போனேன். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர், மிலிட்டரி கேன்டீனில் ரம் கோட்டா உண்டு. சென்ட் செய்ய என்று விளக்கினேன். அவர் என் தோளைத் தட்டி, "ஆக்கிர் லைன் பே ஆ கயே" என்று சொல்லிவிட்டு, கடைசியில் நானும் வழிக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு முழு பாட்டிலையே கொடுத்தார். விளக்கம் அவர் காதில் ஏறவே இல்லை.

ஆம்பர் என்பது ஒரு தனிப் பொருள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். பிசின்களையும் வெனிலாவையும் சேர்த்துச் செய்கிற ஒரு கூட்டுக்கு அந்தப் பெயர். முக்கியமான பிசின் பால் சாம்பிராணி. அந்த மரம் சுமத்ராவில் வளர்கிறது. சுமத்ரா, எங்கள் தீவுகளின் தென்கோடியில் இருக்கிற கேம்பல் பேயிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் எங்களுக்குச் சாம்பிராணி மெயின்லேண்டைச் சுற்றிக்கொண்டு கப்பலில்தான் வரும். எங்களுக்கு எல்லாமே அப்படித்தான். ரம்மை ஆவியாக்கி, வெல்லத்தைக் கருக்கி, கிராம்பும் ஜாதிக்காயும் சேர்த்து, சுருட்டை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, எலுமிச்சைத் தோல் பிழிந்து, எல்லாவற்றையும் அந்தச் சாம்பிராணிக் கூட்டின் மேல் உட்கார வைத்தாள். வீடே கிறங்கிப் போய்க் கிடந்தது.

அடுத்தது சோதனை. சென்ட்டைக் காகிதத்தில் மோந்தால் போதாதாம். வியர்க்கிற உடம்பில், நாள் முழுக்க எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். அவள் உடம்பில் எப்போதும் பத்து வாசனை அப்பியிருக்கும். அதனால் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் குடி இல்ல, சிகரெட் இல்ல, பவுடர்கூட இல்ல. வெள்ளைத் தாள் மாதிரி இருக்கீங்க."

இத்தனை காலம் கட்டிக்காத்த ஒழுக்கத்துக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான். கழுத்திலும் மார்பிலும் மணிக்கட்டிலும் பூசிவிட்டாள். எனக்கு எங்கேயோ மோந்த வாசனையாகப் பட்டது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. என் மூக்கு டீசலிலும் கருவாட்டிலும் ஊறிய ஜெட்டி மூக்கு, அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. அவள் வீட்டில் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். கோயில் என்றால் அவளுக்குத் துளசியும் பச்சைக் கற்பூரமும்தான். எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு அந்த வாசனையின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஜெட்டியில் எனக்கு விசாரணை ஜன்னல். எந்தக் கப்பல் எப்போது கிளம்பும், கிளம்புமா என்று சொல்வது வேலை. பக்கத்து சீட்டில் ஒரு பெங்காலி; 'தாதா', அதாவது அண்ணன், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அன்று நான் போய் உட்கார்ந்ததும் அவர் மூக்கைத் தூக்கினார்.

"சுபே சுபே ஹீ? பாபிக்குத் தெரியுமா?" காலையிலேயே ஆரம்பித்துவிட்டேனா, என் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்கிறார். அவருக்குத் தமிழ் அந்த அளவுக்கு வரும்.

"பாபிதான் பூசிவிட்டாங்க" என்றேன்.

அவர் பூசிவிட்டாங்க என்பதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, என் கையைப் பிடித்து, "க்யா கிஸ்மத் ஹை ஆப்கா" என்று என் அதிர்ஷ்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

கடல் சரியில்லாத வாரம் அது. கேம்பல் பே கப்பல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இந்த மாதிரி வாரத்தில் என் ஜன்னலின் மதிப்பு என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் நாளைக்குக் கப்பல் இல்லை என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு நேரே வாசல் டீக்கடைக்குப் போய், "பாய், நாளைக்கு ஜஹாஜ் உண்டா?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் சொன்னால்தான் நம்பிக்கை. டீக்கடைக்காரருக்குச் சொல்வதே நான்தான். இது எனக்குத் தீராத எரிச்சல்.

கேம்பல் பே அம்மா ஒருவர் தினமும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே குடியேறிய ஒரு பழைய பட்டாளத்துக்காரரின் மனைவி, அறுபது தாண்டியிருக்கும், ராமநாதபுரத்துப் பேச்சு. மகள் பிரசவத்துக்கு வந்தவர், திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். தினமும் என்னிடம் கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார். அன்றும் ஜன்னலில் குனிந்து, "சார், இன்னைக்காவது..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். மூக்கு விடைத்தது. கண் கலங்கியது. கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"வந்துட்டியாய்யா" என்றார். "எங்க முனிதானே? இம்புட்டு தூரம் என்னையத் தேடியா வந்த?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரம், சுருட்டு, எலுமிச்சம்பழம், சாம்பிராணிப் புகை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் ஒரே ஒரு முறை போன முனீஸ்வரன் கோயில் படையல் அப்படியே என் கழுத்தில் மணத்துக்கொண்டிருந்தது.

இல்லம்மா, இது சென்ட் என்று சொல்லியிருக்கலாம். நல்லவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் அந்த அம்மா அடுத்துக் கேட்ட கேள்வி, "ஜஹாஜ் எப்பய்யா கெளம்பும்?" என்பது. பதில் என் மேஜை மேலேயே இருந்தது. சற்று முன்புதான் மேலேயிருந்து தகவல் வந்திருந்தது. வழக்கமான குரலில் சொன்னால் டீக்கடைக்குப் போய்விடுவார். எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன்.

"நாளைக்கு இல்ல. நாளைக் கழிச்சு, விடியக்காலம். கடல் அடங்கும், தைரியமாப் போ" என்றேன்.

அவர் ஜன்னல் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். என் உத்தியோக காலத்தில் ஒரு பயணி நான் சொன்னதை நம்பியது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விஷயம் தமிழ்ப் பயணிகளுக்குள் பரவ நேரம் ஆகவில்லை. மறுநாள் என் ஜன்னலில் வரிசை. பக்கத்து ஜன்னலில் தாதா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். டிக்ளிப்பூர் போட் உண்டா, கச்சால் போகிற கப்பல் நிற்குமா என்று கேட்டார்கள். கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, ஆபீஸ் தகவலை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒருவர் மகனுக்கு ஹார்பரில் வேலை கிடைக்குமா என்றார். "என் இலாகா கப்பல் மட்டும்" என்று அனுப்பிவைத்தேன். சாமிக்கும் ஒரு வரையறை வேண்டும் அல்லவா? என் மனைவி காலையில் பூசிவிட்டு, சாயங்காலம் என் மணிக்கட்டைப் பிடித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

சொன்னது கேம்பல் பே அம்மா. கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தபோது, விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். யாரோ உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார்கள், அது சாமி இல்லை, சென்ட் என்று. அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அதனால என்ன, அந்த சென்ட்டுல எனக்கு நாலு குப்பி குடும்மா" என்றார் என் மனைவியிடம். "ஒவ்வொரு வெள்ளியும் முனிக்குப் பாட்டில் வச்சுப் படைக்கணும். படைச்சு முடிஞ்சா எங்க வீட்டுக்காரரு பிரசாதம்னு பாட்டிலத் தூக்கிருவாரு. டாக்டரு தொடவே கூடாதுங்காரு. இதைத் தெளிச்சா முனிக்கும் ஆச்சு, மனுசன் குடிக்கவும் ஒண்ணும் மிஞ்சாது."

என் மனைவி முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இது முனிக்குச் செஞ்சது இல்லை. கரீபியன்."

"அது எந்தப் பக்கம்மா இருக்கு?"

"வெளிநாடு. அங்கே குடிக்கிற ரம், அங்கே பிடிக்கிற சுருட்டு..."

"சாராயம், சுருட்டு, எலுமிச்சம்பழம், சாம்பிராணி" என்று அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். "எங்க முனி படையல்ல இதுக்கு மேல என்னம்மா இருக்கு? கோழி ஒண்ணுதான் குறையுது."

என் மனைவி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா கோபப்படாமல், என்னிடம் போன் நம்பரைச் சொல்லிவிட்டு, முனிக்குக் கொடுக்க மனசு வந்தால் கூப்பிடு என்று போனார். போனதும் வீட்டில் வெடித்தது.

"ஊரெல்லாம் குறி சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"ஆபீஸ் தகவலைத்தானே சொன்னேன்."

"கோயில் மாதிரி மணக்குதுன்னு ஏன் சொல்லல? ரிசார்ட்டுல போய் அவங்க மோந்து பார்த்துட்டுச் சிரிக்கணுமா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் அழ ஆரம்பித்தாள். இதற்காக எத்தனை தடவை கொட்டிக் கவிழ்த்து மறுபடி செய்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அழுது முடித்ததும் சாம்பிராணியை எடுத்துவிட்டு ஒரு கலவை செய்து பார்த்தாள். அது இருமல் மருந்து மாதிரி இருந்தது. அப்புறம் சாம்பிராணியைத் திரும்பச் சேர்த்தாள்.

"மேனேஜரம்மா மும்பைக்காரங்க. அவங்களுக்கு முனியைத் தெரியாது" என்று சமாதானம் சொன்னேன்.

மேனேஜர் அம்மா போர்ட் பிளேயர் வந்தது அடுத்த வாரம். நான் காலையில் அவள் பூசிவிட்ட சென்ட்டோடு டியூட்டியில் இருந்தேன். பகல் பன்னிரண்டு வாக்கில் மனைவி போன் செய்தாள். மூச்சு வாங்கியது. "லவ்லின்னாங்க. கையில தடவிப் பார்த்துட்டு, ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தடவிக்கிட்டாங்க. மெதுவடையும் சாப்பிட்டாங்க. எனக்குக் கிடைச்சிரும்னு தோணுதுங்க." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாதாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ ஆறுவதற்குள் ஜன்னலில் ஒரு பெண் குனிந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் பெரிய பை. ஹேவ்லாக் போட் எத்தனை மணிக்கு என்று ஹிந்தியில் கேட்டார். நான் சொல்வதற்குள் அவர் மூக்கு அசைந்தது. இந்த சென்ட் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"டெய்ரி ஃபார்ம்ல ஒரு வீட்டுல செய்யறாங்க" என்றேன். என் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் பேசிவிட்டார். "அங்கேயிருந்துதான் வர்றேன். என்ன அருமையான கை அந்த அம்மாவுக்கு" என்றார். அப்புறம் பையை மாற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத கவுன்டர்காரனிடம்தானே என்ற நிம்மதியில் மீதியையும் சொன்னார். ரிசார்ட் முதலாளி அந்த ஆர்டரை மெயின்லேண்டில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததால் வந்தாராம். வடையெல்லாம் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லையாம். அடுத்த வாரம் மெசேஜ் அனுப்பிவிடுவேன் என்றார். நல்ல மனுஷிதான். அவர் கண்ணில் வருத்தம் இருந்தது.

"போட் ரெண்டு மணிக்கு" என்று சொன்னேன். 

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, மேஜை மேல் லேபிள்களைப் பரப்பி வைத்திருந்தாள். 'கரீபியன் ஆம்பர்', அதன் கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர். பொன் எழுத்தா, கறுப்பு எழுத்தா என்று கேட்டாள். பொன் என்றேன்.  சட்டையைக் கழற்றுவதற்குள், குறும்பாக முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். முனியின் மேல் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது.

"சாமி, ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு ஒரு குறி சொல்லுங்க. ஆர்டர் கிடைக்குமா?"

கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, கிடைக்கும் போ என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாவது அந்தச் சந்தோஷம் அவளுக்கு இருந்திருக்கும். ஆனால் அவள் முகத்துக்கு நேராக அந்தக் குரல் எனக்கு வரவில்லை.

"கிடைக்காதும்மா" என்றேன், சாதாரணக் குரலில்.

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சாமி சொல்லுதா, ஆபீஸ் சொல்லுதா?"

"ஆபீஸ்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். வடைக்காகத்தான் மேனேஜர் அம்மா வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே லேபிள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஒரு தடவை பொய் சொல்லியிருந்தா என்ன? ஊருக்கெல்லாம் நல்ல வாக்கு, எனக்கு மட்டும் இப்படியா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்காகத்தான், ஆனால் அந்த மேனேஜர் மேல் கோபப்படக்கூட முடியவில்லையே என்ற ஆத்திரமும் அதில் இருந்தது.

இருட்டுவதற்குள் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூக்கைச் சிந்தினாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"நல்லா இருக்கு, ஆனா வேண்டாம்ங்கறாங்க. அந்த முனி வேணும்னு வாசல்ல வந்து நின்னுச்சு, நான் விரட்டிட்டேன்" என்றாள். "அந்தம்மா நம்பர் வச்சிருக்கீங்களா?"

கொடுத்தேன். போன் போட்டாள். நாலு குப்பி அனுப்புகிறேன் என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும், முனி படம் போட்டு வருமா என்று இருக்கலாம். என் மனைவி மேஜை மேல் இருந்த லேபிளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பழைய சத்தத்தில் பேசினாள்.

"படமெல்லாம் கிடையாதும்மா. என் பேரும் கரீபியன்னும்தான் போட்டிருக்கும். முனிக்குப் படிக்கத் தெரியும்ல, படிச்சுக்கட்டும்."